மூடியைப் பிடித்தால் படம் வருகிறது, விட்டால் இருட்டு: போர்டா, பேனலா?

பொருநை:

வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருடத்துக்கு முன் வாங்கிய 15.6 இன்ச் லேப்டாப், விண்டோஸ் 11. சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், அதற்கு இருப்பது இந்த ஒரு மெஷின்தான்.

மூன்று வாரத்துக்கு முன் மூடியைத் திறக்கும்போது மட்டும் ஸ்கிரீன் ஒருமுறை மினுங்கிவிட்டுச் சரியாகிவிடும். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வாரம் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் ஓட ஆரம்பித்தன, கொஞ்ச நேரம் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நடுங்கியது. இரண்டு நாளாக வேறு மாதிரி. ஆன் செய்தால் விண்டோஸ் வரும் சத்தம் கேட்கிறது, கீபோர்டு லைட் எரிகிறது, ஸ்கிரீன் மட்டும் இருட்டு. மூடியைப் பாதி சாய்த்து ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால் பளிச்சென்று வந்துவிடுகிறது, கையை எடுத்தால் போய்விடுகிறது. நேற்று பின்னால் நோட்டுப் புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுத்துத்தான் வகுப்பை முடித்தேன்.

இரண்டு கடைக்குப் போய்விட்டேன். முதல் கடையில் ஆன் செய்து பார்த்த உடனே "கிராபிக்ஸ் சிப் போயிடுச்சு, போர்டு வேலை, 11,500 ஆகும்" என்றார்கள். இரண்டாவது கடையில் "பேனல் போச்சு, 6,800" என்றார்கள். இரண்டு இடத்திலும் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. ஒரே மெஷினுக்கு இப்படி இரண்டு பதில் வந்தால் நான் எதை நம்புவது? எது கெட்டிருக்கிறது என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா? ஸ்க்ரூடிரைவர் பிடிக்கப் பயமில்லை, ஆனால் லேப்டாப்பை இதுவரை திறந்ததில்லை.


இரவுவேலை:

நான் ஒரு அலுவலகத்தில் சிஸ்டம் சப்போர்ட் பார்க்கிறேன், மாதத்துக்கு இரண்டு மூன்று ஸ்கிரீன் புகாராவது வரும். கழற்றாமல் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன், உள்ளே கை வைப்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லட்டும்.

முதலில் டேட்டா. வீட்டு டிவியில் ஹெச்டிஎம்ஐ கேபிளை மாட்டி, விண்டோஸ் கீயோடு பி (P) அழுத்துங்கள். ஸ்கிரீன் இருட்டாக இருந்தாலும் படம் எந்த ஸ்கிரீனில் வர வேண்டும் என்று கேட்கும் மெனு டிவியில் தெரிய வாய்ப்பு அதிகம், தெரியாவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு முறை அழுத்தி என்டர் தட்டிப் பாருங்கள். படம் வந்ததும் பாடக் குறிப்புகள், போட்டோக்கள் எல்லாவற்றையும் பென்டிரைவுக்கோ கிளவுடுக்கோ மாற்றிவிடுங்கள். எந்தக் கடைக்குக் கொடுப்பதாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டுக் கொடுங்கள்.

அந்த டிவியே உங்கள் முதல் சோதனையும்கூட. டிவியில் அரை மணி நேரம் கோடு இல்லாமல், நடுக்கம் இல்லாமல் சுத்தமாகப் படம் ஓடினால் கிராபிக்ஸ் சிப் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். சிப் போயிருந்தால் பெரும்பாலும் டிவியிலும் அதே குப்பைதான் வரும். 11,500 கேட்டவர்கள் ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிளைச் சொருகிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும், அதைச் செய்யாமல் ஒரு டீச்சரிடம் அவ்வளவு தொகையைச் சொன்னது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

அடுத்தது ஸ்கிரீன்ஷாட். கோடு ஓடும் சமயத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலேயே கோடு பதிவாகியிருந்தால் கோளாறு டிரைவரிலோ (கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்), வேறு மென்பொருளிலோ, சிப்பிலோ இருக்கிறது. படம் சுத்தமாக இருந்தால் படம் உருவாகும் வரை எல்லாம் சரி, அதற்கப்புறம் போகிற வழியில்தான் கெடுகிறது.

மூன்றாவது பயாஸ், விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் செட்டிங்ஸ் திரை. ஆன் செய்த உடனே எஃப்2 அல்லது டெலீட், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அழுத்திக்கொண்டே இருந்தால் உள்ளே போகும். அங்கே விண்டோஸும் இல்லை, விண்டோஸின் டிரைவரும் இல்லை. அங்கேயும் மினுங்கினால் டிரைவரை மாற்றுவது, விண்டோஸை மறுபடி போடுவது எல்லாம் வீண் வேலை. பயாஸில் சுத்தமாக இருந்து விண்டோஸில் மட்டும் மினுங்கினால்தான் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும், அப்போது விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிஸ்பிளே டிரைவர் மறுபடி தொடங்கும். இன்டெல் கிராபிக்ஸ் என்றால் அதன் கமாண்ட் சென்டரில் பவர் பகுதியில் பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் என்று ஒன்று இருக்கும், மினுங்கலுக்கு அதுவும் காரணமாவது உண்டு, அணைத்துப் பாருங்கள்.

ஆனால் மூடியின் கோணத்துக்குத் தகுந்தபடி மாறுகிறது என்று சொல்கிறீர்களே, டிரைவருக்கு மூடி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று தெரியாது. அதனால் என் சந்தேகம் வயர் பக்கம்தான்.


மரவள்ளி:

இதற்கு நேர் சம்பந்தம் இல்லாமலும் போகலாம், ஆனால் நான் பணம் இழந்த விஷயம் என்பதால் சொல்லிவிடுகிறேன். என் லேப்டாப்பும் இப்படித்தான் திடீர் திடீரென்று இருட்டாகும். பேனல் மாற்றினேன், மறுபடியும் அதே. கடைசியில் பார்த்தால் காந்தம். மூடி மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க உள்ளே ஒரு ஹால் சென்சார் இருக்கும், மூடியில் இருக்கும் சின்னக் காந்தம் அருகே வந்தால் மூடிவிட்டார்கள் என்று நினைத்து ஸ்கிரீனை அணைத்துவிடும். நான் போனை வைப்பது எப்போதும் கீபோர்டுக்குப் பக்கத்தில், அந்தப் போன் கவரில் காந்தப் பட்டை. மூடிய லேப்டாப் ஒன்றின் மேலேயே இன்னொன்றை வைத்து வேலை செய்தாலும் இப்படி ஆகும். செலவில்லாத சோதனை, மேசையைக் காலி செய்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பேனல்தான் என்று முடிவானாலும் "15.6 இன்ச் ஃபுல் ஹெச்டி" என்று மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள். 30 பின் வேறு, 40 பின் வேறு. எனக்கு முதலில் வந்தது சேரவே இல்லை.


பட்டறை:

திருச்சியில் பதினான்கு வருடமாக லேப்டாப் சர்வீஸ் டேபிளில் உட்கார்ந்திருக்கிறேன். இரவுவேலை சொன்னது எல்லாம் சரி, அந்த வரிசையிலேயே செய்யுங்கள். மரவள்ளி சொன்ன காந்தமும் நிஜம், ஆனால் காந்தத்தால் பச்சைக் கோடு வராது, இருட்டு மட்டும்தான் வரும். தங்கச்சிக்கு இரண்டும் வருகிறது. அதுதான் இதில் கவனிக்க வேண்டிய இடம்.

எல்சிடி பேனலுக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. பின்னால் எல்இடி பட்டை ஒன்று எரியும், முன்னால் இருக்கும் திரவப் படிகம் அந்த வெளிச்சத்தை எங்கே விடுவது, எங்கே தடுப்பது என்று மட்டும் பார்த்துக்கொள்ளும். ஆக, போர்டிலிருந்து மேலே இரண்டு வேலை தனித்தனியாகப் போகிறது. ஒன்று படம். ஃபுல் ஹெச்டி, 60 ஹெர்ட்ஸ் பேனல் என்றால் பெரும்பாலும் இரண்டு லேன், அதாவது டேட்டா போகும் பாதை, ஒவ்வொன்றிலும் நொடிக்கு 2.7 கிகாபிட் வேகத்தில் டேட்டா ஓடும். இன்னொன்று வெளிச்சம். எல்இடிக்கான கரன்ட், அதை எரிய வை என்று சொல்லும் சிக்னல், எவ்வளவு பிரகாசம் என்று சொல்லும் சிக்னல். படம் போகிற வயர் அடிபட்டால் கோடு, புள்ளி, நடுக்கம். வெளிச்ச வயர் அடிபட்டால் இருட்டு. போர்டுக்கும் பேனலுக்கும் நடுவில் இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, மூடி அசையும்போதெல்லாம் வளைந்து வளைந்து நிமிரும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஹிஞ்சு, அதாவது மூடியின் கீல், வழியாகப் போகும் டிஸ்பிளே கேபிள். தலைமுடி கனத்தில் இருக்கும் வயர்கள் அவை, நான்கு வருடம் தினமும் திறந்து மூடினால் ஒவ்வொன்றாக இற்றுப்போகும். முதலில் மினுங்கல், அப்புறம் கோடு, அப்புறம் இருட்டு என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் பார்த்தாலே எனக்குக் கேபிள் ஞாபகம்தான் வருகிறது.

ஆனாலும் நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், நீங்களே உறுதிப்படுத்துங்கள். டிவியில் மாட்டி படம் வந்தபின், விண்டோஸ் கீயும் பியும் (P) அழுத்தி இரண்டு ஸ்கிரீனிலும் ஒரே படம் தெரியும்படி வையுங்கள். இப்போது லேப்டாப் மூடியை மிக மெதுவாக, பெண்டுலம் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டிவியில் படம் அசையாமல் நின்று, லேப்டாப்பில் மட்டும் கோணத்துக்குத் தகுந்தபடி வந்து வந்து போனால் அது கேபிள் அல்லது அதன் இரண்டு முனைகளில் இருக்கும் சாக்கெட். முழுக்க மூடிவிடாதீர்கள், அப்போது ஸ்லீப்புக்குப் போய்விடும், சோதனை குழம்பும்.

இருட்டாக இருக்கும்போது அறை லைட்டை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை ஸ்கிரீனுக்கு மிக அருகே சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஐகான்கள் நிழல் மாதிரி மங்கலாகத் தெரிந்தால் படம் வருகிறது, வெளிச்சம் மட்டும்தான் இல்லை. ஒன்றுமே தெரியாவிட்டால் படமும் வரவில்லை. ஓஎல்இடி ஸ்கிரீனுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதில் பின்னால் எரியும் லைட்டே கிடையாது.

அடுத்து பேனல். மூடியை அசைக்காமல், ஸ்கிரீனின் கீழ் ஓரச் சட்டத்தை விரலால் லேசாக அழுத்துங்கள், லேசாகத்தான். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் செங்குத்துக் கோடு, அழுத்தினால் மறைந்து, விரலை எடுத்தால் மறுபடி வந்தால், அது கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஃபிலிம் இணைப்பு விட்டுப்போனது. அதை நாங்கள் டேபிளில் சரிசெய்ய முடியாது, பேனலை மாற்றத்தான் வேண்டும். டெல் லேப்டாப் என்றால் இன்னும் சுலபம், அணைத்துவிட்டு டி (D) எழுத்தை அழுத்திப் பிடித்தபடியே பவர் பட்டனைத் தட்டினால் ஸ்கிரீன் முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி வரும். அந்த நிறங்களைப் பேனலே தானாகக் காட்டுகிறது, கிராபிக்ஸ் சிப்புக்கு அதில் பங்கில்லை. அதிலேயே கோடு இருந்தால் பேனல்.

கேபிள் கோளாறு எப்படி ஏமாற்றும் என்பதற்குப் பெரிய உதாரணமே உண்டு. 2016 மேக்புக் ப்ரோ 13 இன்ச்சில் டிஸ்பிளேயின் மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள் திறந்து மூடித் தேய்ந்து, ஸ்கிரீனின் கீழ் ஓரத்தில் நாடக மேடை விளக்குகள் மாதிரி வெளிச்சம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது, அப்புறம் கொஞ்சம் அதிகமாகத் திறந்தாலே முழுக்க இருட்டு. 2019 மே மாதம் ஆப்பிளே இதற்கு இலவச சர்வீஸ் திட்டம் அறிவித்தது. அதில் கேபிள் டிஸ்பிளேயோடு சேர்ந்தே வரும் என்பதால் முழு டிஸ்பிளேயையும் மாற்ற வேண்டியிருந்தது. உங்களுடையது போன்ற சாதாரண லேப்டாப்களில் பெரும்பாலும் கேபிள் தனியாகக் கழலும், அந்த வகையில் நிம்மதி.

கடைசியாக ஒன்று, இதை மறக்கவே கூடாது. திறந்து பார்ப்பதாக இருந்தால் பேட்டரி கனெக்டரைப் பிடுங்காமல் டிஸ்பிளே கேபிளைத் தொடாதீர்கள். சார்ஜரை எடுத்தால் போதும் என்று நினைப்பார்கள், போதாது. வெளிச்சத்துக்கான கரன்ட் வரும் பின் மற்றப் பின்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும், கேபிளைக் கோணலாக இழுக்கும் அந்த ஒரு நொடியில் உரசினால் போர்டில் இருக்கும் பேக்லைட் ஃபியூஸ் போய்விடும். அப்புறம் கேபிள் கோளாறு நிஜமாகவே போர்டு கோளாறாகிவிடும். யாரோ வீட்டில் இப்படிச் செய்துவிட்டு என்னிடம் கொண்டுவந்த மெஷின்கள் எத்தனையோ.


பொருநை:

எல்லாருக்கும் நன்றி, நேற்று ராத்திரி தம்பியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். டேட்டா முதலில் எடுத்துவிட்டேன். டிவியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீடியோ ஓடவிட்டோம், ஒரு கோடுகூட இல்லை. ஸ்கிரீன்ஷாட் போனில் சுத்தமாக இருக்கிறது. பயாஸுக்குள் போனால் அங்கேயும் மூடியை அசைத்தால் மினுங்குகிறது. மேசையில் காந்தம் எதுவும் இல்லை, போன் கவர் சாதாரண ரப்பர்.

பட்டறை அண்ணா சொன்ன மாதிரி மூடியை மெதுவாக ஆட்டினேன், டிவியில் படம் அப்படியே நிற்கிறது, லேப்டாப்பில் கிட்டத்தட்ட 100 டிகிரி தாண்டும்போது பச்சைக் கோடு, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் இருட்டு, திரும்பக் கொண்டுவந்தால் படம். இருட்டில் டார்ச் அடித்தபோது ரீசைக்கிள் பின் ஐகான் நிழலாகத் தெரிந்தது, அதைப் பார்த்ததும் தம்பி கத்தியே விட்டான். கீழ்ச் சட்டத்தை அழுத்தினால் எந்த மாற்றமும் இல்லை. டெல் இல்லை, அதனால் டி சோதனை செய்யவில்லை.

அப்படியானால் கேபிள்தானே அண்ணா? நானே மாற்றலாமா, இல்லை கடையில் கொடுத்துக் கேபிளை மட்டும் மாற்றச் சொல்லட்டுமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும், இடது பக்க ஹிஞ்சில் கொஞ்ச நாளாகத் திறக்கும்போது டக் டக் என்று சத்தம் வருகிறது, அந்தப் பக்கம் பாடி லேசாக வாய் பிளக்கிறது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.


பட்டறை:

கேபிள்தான். அந்த ஹிஞ்சுதான் அதை அறுத்திருக்கிறது. கேபிள் ஹிஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், ஹிஞ்சு இடம் பெயர்ந்தால் உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் கேபிள் மாட்டி ஒவ்வொரு முறையும் நசுங்கும்.

பொறுமை இருந்தால் நீங்களே செய்யலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்குங்கள். அடி மூடியைக் கழற்றி, முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டர், அப்புறம் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்சக் கரன்டை வடித்துவிடுங்கள். ஸ்க்ரூக்களை ஒரு தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே வையுங்கள், நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் போட்டு டச்பேடைக் குத்திவிடுபவர்கள் உண்டு. ஸ்கிரீனைச் சுற்றியுள்ள சட்டத்தைப் பழைய பிளாஸ்டிக் கார்டால் நெம்புங்கள், கத்தி வேண்டாம். பேனலைச் சில மாடல்களில் ஸ்க்ரூ பிடித்திருக்கும், சிலவற்றில் இரண்டு பக்கமும் இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும் பசை நாடா இருக்கும், அதைத் தட்டையாக மெதுவாக இழுக்க வேண்டும். பேனலைக் கீபோர்டு மேல் ஒரு துண்டு விரித்து முகம் கவிழ்த்து வைத்தால் பின்னால் கீழே கேபிள் சொருகிய இடம் தெரியும். மேலே ஒட்டியிருக்கும் நாடாவை உரித்து, சின்ன உலோகக் கம்பி இருந்தால் அதை நிமிர்த்தி, கேபிளைப் பேனலோடு ஒட்டினாற்போல் நேராக இழுங்கள். மேல்நோக்கித் தூக்கினால் சாக்கெட் போய்விடும்.

பழைய கேபிளில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள எண்ணைப் போட்டோ எடுத்து அதே எண்ணைக் கேளுங்கள். பல மெஷின்களில் டிசி02 (DC02) என்று ஆரம்பிக்கும். லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொன்னால் தவறு வரும், ஒரே மாடலில் 30 பின்னும் 40 பின்னும் இருக்கும், டச் இருக்கிறதும் இல்லாததும் வேறு வேறு கேபிள். கையோடு பேனல் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்றாவது பேனல் வாங்க நேர்ந்தால் உதவும். எண்ணில் 156 என்றிருந்தால் 15.6 இன்ச். முன்னால் இருக்கும் எழுத்து தயாரித்த கம்பெனியைச் சொல்லும்: என்வி (NV) என்று இருந்தால் பிஓஇ, எல்பி (LP) என்றால் எல்ஜி, வெறும் பி (B) என்றால் ஏயூஓ, வெறும் என் (N) என்றால் பெரும்பாலும் இன்னோலக்ஸ். இந்த எண்ணைக் கொடுத்து வாங்கினால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனலை எடுத்துவிட்டு மட்டமான டிஎன் (TN) பேனலை மாட்டி அனுப்ப முடியாது.

கடையில் கொடுப்பதானாலும் இதே பேச்சுதான். "டிவியில் படம் சுத்தமாக வருகிறது, மூடியை அசைத்தால் பயாஸிலும் மினுங்குகிறது, கேபிளையும் ஹிஞ்சையும் பாருங்கள்" என்று சொல்லுங்கள். ஒழுங்காக வேலை தெரிந்தவர் அதைக் கேட்டதும் வேறு பேச மாட்டார். என் டேபிளுக்கு இப்படிச் சொல்லிக்கொண்டு ஒரு கஸ்டமர் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.


பொருநை:

முடிந்தது! எண்ணைக் காட்டி ஆன்லைனில் கேபிள் வாங்கினேன், 940 ரூபாய், ஐந்து நாளில் வந்தது. பழையதைக் கழற்றிப் பார்த்தால் ஹிஞ்சுக்கு நேராக மேலுறை கிழிந்து உள்ளே செம்பு பளபளவென்று தெரிகிறது, இரண்டு வயர் முழுக்க அறுந்தே போயிருந்தது. புதியதைச் சொருகி, சட்டம் மாட்டும் முன்பே ஆன் செய்து பார்த்தேன், முதல் முறையிலேயே படம். கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே. 11,500 கொடுக்க நகைச் சீட்டை உடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு சந்தேகம். இடது ஹிஞ்சின் ஸ்க்ரூக்கள் பிடிக்கும் பித்தளை நட்டுகள் இரண்டு பிளாஸ்டிக்கோடு பிய்ந்து கையில் வந்துவிட்டன. அப்படியே மூடி வைத்துப் பயன்படுத்தலாமா? இப்போதைக்குத் திறந்தே வைத்திருக்கிறேன்.


பட்டறை:

மூடாதீர்கள், இந்தக் கேபிளும் மூன்று மாதத்தில் போய்விடும்.

நட்டு உட்காரும் இடத்தில் உள்ள தூளைச் சுத்தம் செய்துவிட்டு, இரண்டு டியூபைக் கலந்து போடும் எபாக்சி பசையை வைத்து நட்டை அதன் இடத்திலேயே நிறுத்துங்கள். நட்டின் மரைக்குள்ளும் ஹிஞ்சின் அச்சிலும் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. 24 மணி நேரம் அசையாமல் காயட்டும். அதற்கு முன் ஹிஞ்சைத் தனியாகக் கையில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், மிகவும் இறுக்கமாக இருந்தால் அச்சின் முனையில் இருக்கும் நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். அந்த இறுக்கம்தான் பித்தளை நட்டைப் பிய்த்திருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பசை மட்டும் போட்டால் நிற்காது. பிளாஸ்டிக் சுற்றிலும் நொறுங்கிப்போயிருந்தால் பசை வேண்டாம், அந்த அடி பாடியையே மாற்றிவிடுங்கள்.

கேபிளைப் பழைய பள்ளத்திலேயே படியவிட்டு, ஹிஞ்சுக்குப் பக்கத்தில் விறைப்பாக இழுக்காமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள். இனிமேல் மூடியைத் திறக்கும்போது ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காமல் நடுவில் பிடித்துத் திறங்கள். எபாக்சி காய்ந்து மாட்டியதும் மூடியை ஆட்டிப் பார்க்கும் அந்தச் சோதனையை மறுபடி ஒருமுறை செய்துவிட்டு வந்து சொல்லுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.